பெரிய சிப்பி பிழைத்த தண்ணீரில் குஞ்சு ஏன் செத்தது? மட்டக்குளியில் ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பு ஹோட்டல்களுக்கு உயிருள்ள சிப்பியும் சேற்று நண்டும் கொடுக்கிற அண்ணை ஒருவர் மட்டக்குளியில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார். உள்ளே சில பைபர் தொட்டிகள், ஒரு மணல் வடிகட்டி, எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் எயார் பம்ப். கடல் தண்ணீர் பவுசரில் வரும். புத்தளம் பக்கத்திலிருந்து வரும் பெரிய சிப்பிகளை இரண்டு மூன்று நாள் தொட்டியில் வைத்து, சேறு கழியவிட்டு, ஹோட்டல்களுக்கு அனுப்புவதுதான் தொழில். அது பல வருடங்களாகப் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிசகு குஞ்சு வாங்கியதிலிருந்து தொடங்கியது. நீர்கொழும்புக் களப்பில் தட்டுக் கட்டி வளர்க்க ஒரு கூட்டாளி கிடைத்ததும், விரல்நகம் அளவான சிப்பிக் குஞ்சுகளைத் தரகர் ஒருவர் மூலம் எடுப்பித்தார். தட்டுகள் தயாராகும்வரை மூன்று வாரம் மட்டக்குளியிலேயே வைத்திருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. முதல் தொகுதியில் பாதிக்கு மேல் இரண்டு நாளில் போய்விட்டது. மிஞ்சியவை இரண்டாம் வாரத்தில் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. தண்ணீர் பரிசோதிப்பது என் வேலை என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

நான் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தவுடனேயே மறித்தார். "தம்பி, பெரிசுகள் ஒண்டும் சாகேல்லை. அதே தண்ணி, அதே தொட்டி. பிறகென்னண்டு தண்ணியில பிழை எண்டு சொல்லுறீர்?"

நியாயமான கேள்வி. கொழும்பில் மீன் தொட்டி வைத்திருப்பவர் முதல் சிலாபத்தில் இறால் வளர்ப்பவர் வரை பலரும் இதே தர்க்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: ஒன்று பிழைத்தால் எல்லாம் பிழைக்க வேண்டும். அதனால்தான் இந்த நிகழ்வை முழுதாக எழுதி வைக்கிறேன்.

கழித்துப் பார்த்தவை

முதலில் எல்லோர் வாயிலும் வந்தது உவர்ப்பு. கொட்டகையிலிருந்து களனி கங்கையின் முகத்துவாரம் கிட்ட. தென்மேல் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கக் கடலில் கங்கை நீர் நிறையக் கலக்கும். ஆனால் இவருடைய பவுசர் தண்ணீர் அங்கிருந்து எடுப்பதல்ல. உவர்ப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி விட்டுப் பார்த்தபோது ஆயிரத்துக்கு 28 காட்டியது. அதோடு, நாம் இங்கே சாப்பிடும் சிப்பி கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்ற இனம். கலா ஓயா புத்தளம் களப்பில் விழும் கங்கேவாடிய மாதிரி, மழைக்கு நன்னீராகவும் வெயிலுக்கு உவராகவும் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் வாழப் பழகியது. 28 அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது குளோரின். தொட்டிகளை ரி.சி.எல். என்ற குளோரின் தூள் போட்டுக் கழுவுகிறார்கள், சரியாக அலசாவிட்டால் ஆபத்துத்தான். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் ஏறும் மலிவான சோதனை ஒன்று இருக்கிறது, மஞ்சள் ஏறவில்லை. கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த எயார் பம்பின் சத்தத்துக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

பக்கத்துக் கொட்டகைக்காரரின் தீர்ப்பு வேறு. "அந்தக் கப்பல் எரிஞ்ச நாள்ல இருந்தே கடல் சரியில்ல." 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலைச் சொல்கிறார். அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது உண்மை. பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியதும், மீனவர்கள் பட்ட பாடும் உண்மை. ஆனால் இத்தனை வருடம் கழித்து, மூடிய கொட்டகைக்குள், குஞ்சுகளை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் வேலையை அந்த அமிலத்தின் தலையில் கட்ட முடியாது. நைத்திரிக் அமிலம் கடலில் கரைந்தால் கடைசியில் மிஞ்சுவது நைத்திரேற்று, நைத்திரசன் கழிவுகளிலேயே மிகச் சாதுவானது. இதற்குப் பிறகு வருகிறேன்.

நோயா என்று கேட்டால், லொறி வந்து இறங்கிய கையோடு இரண்டு நாளில் பாதி செத்தது நோயைவிடப் பயணத்தைத்தான் காட்டியது. கைக்கண்ணாடி வைத்துச் செத்தவற்றையும் உயிரோடிருந்தவற்றையும் பார்த்தேன். நன்றாக இருக்கும் குஞ்சுச் சிப்பியின் ஓட்டு விளிம்பில் மெல்லிய, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் புது வளர்ச்சி ஒரு நூலளவு நீட்டிக்கொண்டிருக்கும்; நகம் பட்டால் நொறுங்கும். அந்த விளிம்பு இவற்றில் ஒன்றில்கூட இல்லை. ஓடு பழைய இடத்திலேயே நின்றிருந்தது. உயிரோடிருந்தவற்றை ஊசி முனையால் தொட்டால் பட்டென்று மூட வேண்டும். இவை ஒரு கணம் யோசித்துவிட்டு மெதுவாக மூடின. தொட்டியின் அடியில் சிப்பிக் கழிவின் இழைகளும் இல்லை. அதாவது சாவதற்கு முன்பே தின்பதை நிறுத்திவிட்டன. ஏதோ ஒன்று செவுளில் வேலை காட்டியிருக்கிறது.

பைக்குள் நடந்தது

இரண்டாவது தொகுதி வரும் நாளில் நானும் கொட்டகையில் இருந்தேன். இல்லாவிட்டால் பாதிக் காரணம் பிடிபட்டிருக்காது.

குஞ்சுகள் அலங்கார மீன் கொண்டுவருவது போலப் பொலித்தீன் பைகளில் வந்தன. மூன்று லீற்றர் அளவு தண்ணீர், ஒரு கிலோவுக்கு மேல் குஞ்சு, மேலே ஒட்சிசன் ஊதிக் கட்டியிருந்தது. புத்தளத்திலிருந்து கொழும்புக்கு 130 கிலோமீட்டர் சொச்சம். களப்பில் அள்ளியது, கட்டியது, நீர்கொழும்பு வீதி நெரிசல் எல்லாம் சேர்த்தால் பகல் முழுக்க வெயிலில் வந்த பை. ஓடுகளைக் கழுவியும் இருக்கவில்லை. அவற்றில் ஒட்டியிருந்த சேறு, புழு, ஓட்டில் ஒட்டி வளரும் கொட்டலசின் உடைசல் எல்லாம் பைக்குள்ளேயே அழுகத் தொடங்கியிருந்தன. முடிச்சை அவிழ்த்தவுடன் வந்த வாடையே பாதி கதை சொன்னது.

அண்ணையின் வேலையாள் வழக்கம்போலச் செய்தான். பையின் தண்ணீரையும் குஞ்சையும் ஒரு வாளியில் ஊற்றினான், எயார் ஸ்டோன் போட்டான், தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தான். "பழக்கி எடுக்கிறது" என்று பெயர். மீன் கடைகளில் கற்றுக்கொடுக்கும் அன்பான முறை. இங்கே அதுதான் கொன்றது.

அவிழ்க்கும் முன் பையிலிருந்து எடுத்த தண்ணீரில் பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண், 7.1. கழிவிலும் அழுகலிலும் வரும் அமோனியா, மொத்தமாக, அதிலுள்ள நைத்திரசனின் எடைக் கணக்கில், லீற்றருக்கு 4 மில்லிகிராம். வாளியில் காற்று ஊதி அரை மணிநேரத்தில் பிஎச் 8.2க்கு ஏறிவிட்டது. மொத்த அமோனியா கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நடப்பதைப் புரிந்துகொண்டால் போதும். தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் உள்ள அமோனியம். அது உயிரணுவின் மென்சவ்வைத் தாண்ட மிகவும் கஷ்டப்படும். மற்றது மின்னேற்றம் இல்லாத அமோனியா. அதைத் தடுக்க மென்சவ்வால் முடியாது, நேரே உள்ளே போய்விடும்; நச்சு உருவம் இதுதான். எது எவ்வளவு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பிஎச், அதற்கடுத்தது வெப்பநிலை, கொஞ்சம் உவர்ப்பு. நம் ஊர் வெப்பத்தில், 29 பாகை அளவில், கடல் தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் அரை சதவீதம் அளவுதான் நச்சு உருவத்தில் இருக்கும். 7.5இல் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 8இல் ஐந்து. 8.2இல் எட்டு. 8.5இல் பதினைந்து.

பை கட்டியிருந்த நேரம் முழுக்கக் குஞ்சுகளும், ஒட்டியிருந்த மற்றவையும் விட்ட மூச்சு காபனீரொட்சைட்டாகத் தண்ணீரில் தேங்கிப் பிஎச்சைக் கீழே பிடித்து வைத்திருந்தது. அதனால் 4 மில்லிகிராம் அமோனியா இருந்தும், அதில் நச்சு உருவம் 0.03கூட இல்லை. பை திறந்து காற்று ஊதியதும், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல, காபனீரொட்சைட்டு வெளியேறியது, பிஎச் ஏறியது, அதே அமோனியாவில் நச்சு உருவம் 0.33க்குத் தாவியது. பன்னிரண்டு மடங்கு. புதிதாக யாரும் எதையும் போடவில்லை. அமோனியா மூலக்கூறின் எடையாகச் சொன்னால் 0.4 மில்லிகிராம். கடல் நீருக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் 1989இல் வகுத்த அளவில், ஒரு மணிநேர சராசரிக்கான எல்லை 0.233, நான்கு நாள் சராசரிக்கு 0.035. வாளியில் குஞ்சுகள் அந்த முதல் எல்லையைத் தாண்டிய தண்ணீரில் மணிக்கணக்காகப் 'பழகிக்கொண்டிருந்தன'.

அதிலும் ஒரு கொடுமை: பைக்குள் இறுக மூடியிருந்த குஞ்சுகள், நல்ல காற்று வந்ததும் ஆவலாக வாயைத் திறந்து தண்ணீரை இழுக்கத் தொடங்குகின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் நச்சும் உச்சத்துக்கு வருகிறது.

வேலையாளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. குறுகிய தூரம் வந்த மீனுக்கு அந்த முறை சரி. நீண்ட பயணம் வந்த பைக்கு, பைத் தண்ணீரில் காற்று ஊதுவதும் அதிலேயே பழக்குவதும் ஆபத்து. தண்ணீரை வடித்து, உயிரை மட்டும் சுத்தமான தொட்டித் தண்ணீருக்கு மாற்ற வேண்டும்.

தொட்டிக்குள் நடந்தது

முதல் தொகுதியில் பயணத்தைத் தாண்டிப் பிழைத்தவை இரண்டாம் வாரத்தில் செத்ததற்குக் காரணம் வேறு. அதற்குத் தொட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது.

குஞ்சுக்கென்று அண்ணை புதிதாக ஒரு தொட்டியும் புது வடிகட்டியும் போட்டிருந்தார். புதுசு என்பதில் அவருக்குப் பெருமை. வடிகட்டி விஷயத்தில் புதுசு என்பது ஒரு குறை. அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும் இரண்டு வகைப் பற்றீரியாக்கள் வடிகட்டிக் கல்லிலும் பிளாஸ்டிக்கிலும் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். கடல் தண்ணீரில் நன்னீரைவிட மெதுவாகவே நடக்கும். அதற்குள் மிருகங்களை நிறைத்துவிட்டால் கழிவை எடுத்துக்கொள்ள ஆளில்லை. போதாக்குறைக்கு, ஹோட்டல் சிப்பி மிச்சமாகும் நாட்களில் பெரியவற்றையும் இதே தொட்டியில் போட்டிருக்கிறார். சிப்பி மட்டி இனங்கள் தங்கள் நைத்திரசன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகவே நேரடியாகத் தண்ணீரில் விடுகின்றன. பெரிய சிப்பி பெரிய அளவில் விடும்.

தீனி இன்னொரு கதை. குஞ்சுக்குத் தேவை உயிருள்ள நுண்பாசி. கொழும்பில் அதை வளர்த்து வைத்திருப்பவர் அரிது என்பதால், யாரோ சொன்னதைக் கேட்டு ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கரைத்து ஊற்றியிருக்கிறார். குஞ்சு அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைச் சளியில் சுற்றித் துப்பிவிடும். துப்பியது தட்டுகளின் இடுக்கில் தங்கி அழுகும். ஈஸ்ட் என்பது புரதம், அழுகினால் அமோனியா. செத்த குஞ்சுகளின் ஓட்டுக்குள்ளும் சதை அழுகிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மூடிய ஓடு, இரண்டு விரலால் அழுத்தினால் கறுத்த தண்ணீர் பீறும். அப்படிப்பட்டவற்றை ஒரு கிண்ணம் நிறையப் பொறுக்கி எடுத்தோம்.

இத்தனைக்கும் தொட்டியின் மொத்த அமோனியா லீற்றருக்கு 1.2 மில்லிகிராம்தான். வளர்ப்பு மீன் கடைக்காரர் ஏற்கெனவே தன் சோதனைக் கிட்டால் பார்த்துவிட்டு, "ஒண்டுக்குக் கிட்ட, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கிட் காட்டுவது மொத்த அமோனியா. பக்கத்தில் பிஎச் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

பிஎச் 8.5. சாதாரணக் கடல் தண்ணீர் காற்று ஊதினாலும் 8.1, 8.2க்கு மேல் போகாது. மிச்சம் எங்கிருந்து வந்தது? விசாரித்தபோது அலுமாரியிலிருந்து ஒரு பெரிய அப்பச் சோடாப் பொதியை எடுத்துக் காட்டினார். "ஓடு கட்டுறதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணுமெல்லோ, அதுதான் கிழமைக்கு இரண்டு கரண்டி." அப்பச் சோடாவில் கல்சியமே இல்லை. அது காரத்தன்மையைக் கூட்டும். அதிகம் போட்டு, கூடவே பலமாகக் காற்றும் ஊதினால் பிஎச் மேலே ஏறும். நல்லெண்ணத்தில் போட்ட அந்தக் கரண்டிகள்தான் 1.2 மில்லிகிராமை விஷமாக்கின: 15 சதவீதம் என்றால் 0.18, அமோனியாவின் எடையாக 0.22. மேலே சொன்ன நான்கு நாள் எல்லையைப்போல ஆறு மடங்கு, அதுவும் நாள்கணக்காக. இதே 1.2 பிஎச் 7.8இல் இருந்திருந்தால் எல்லையைச் சற்றுத்தான் தாண்டியிருக்கும்.

அப்பச் சோடா கெட்ட சாமான் என்று சொல்ல வரவில்லை. வடிகட்டி முழு வேலை செய்யத் தொடங்கியபின், ஒரு மில்லிகிராம் அமோனியா நைத்திரசனை மாற்ற ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேல் காரத்தன்மை செலவாகும். அப்போது பிஎச் விழும், சோடா தேவைப்படும். அளந்து, தேவைக்குப் போட வேண்டிய மருந்து அது. கிழமைக்கு இரண்டு கரண்டி என்று நேர்த்திக்கடன் மாதிரிப் போடுவதல்ல.

நைத்திரைற்று 2 மில்லிகிராம் இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு இதுதான் கொலையாளி என்று முடிவு கட்டியிருந்தார். நன்னீர் மீன் வளர்ப்பவருக்கு அந்தப் பயம் நியாயம்: நைத்திரைற்று மீனின் இரத்தத்துக்குள் போய் ஒட்சிசன் காவும் ஹீமோகுளோபினைக் கெடுத்து, இரத்தத்தை மண்ணிறமாக்கும். ஆனால் அது செவுளுக்குள் நுழைவது பெரும்பாலும் குளோரைட்டு நுழையும் வாசல் வழியாக. கடல் தண்ணீரில் குளோரைட்டு அவ்வளவு குவிந்து கிடப்பதால் நைத்திரைற்றுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். சிப்பியிடம் கெடுவதற்கு ஹீமோகுளோபினும் இல்லை. 2 மில்லிகிராம் நைத்திரைற்று எனக்குச் சொன்னது ஒன்றுதான்: வடிகட்டி பாதி வழியில் நிற்கிறது.

நைத்திரேற்று 20 மில்லிகிராம் அளவில் இருந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை. 1975இல் எபிஃபானியோ, ஸ்ர்னா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நாட்டுக் கிழக்குக் கரைச் சிப்பியையும் கடின ஓட்டு மட்டியையும், குஞ்சும் வளர்ந்ததுமாக, அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பொசுபேற்று நான்கிலும் வைத்துப் பார்த்தார்கள். கடைசி இரண்டும் நச்சு என்று சொல்லும் தரத்திலேயே இல்லை என்று கண்டார்கள். ஆகவே எரிந்த கப்பலின் நைத்திரிக் அமிலத்தையும் இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம்.

குஞ்சு மட்டும் ஏன்?

இனி அண்ணையின் கேள்விக்கு வரலாம். பெரியது பிழைத்த தண்ணீரில் சிறியது ஏன் செத்தது?

சிப்பிக்குக் கெட்ட தண்ணீரிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு: கதவைச் சாத்திக்கொள்வது. வளர்ந்த சிப்பி ஓட்டை இறுக மூடி, உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீரோடும் உடலில் சேமித்து வைத்த கிளைக்கோசன் என்ற மாச்சத்தோடும் நாள்கணக்கில் காலம் தள்ளும். இவருடைய பெரிய சிப்பிகள் தொட்டியில் இருப்பதே இரண்டு மூன்று நாள். அந்த நேரத்தில் பெரும் பகுதியை மூடியே கழித்துவிட்டு ஹோட்டலுக்குப் போயிருக்கும். அவை 'நல்லா இருந்தன' என்பதற்கு ஒரே சாட்சி, மூடியிருந்தன என்பதுதான். விற்பவர் கண்ணுக்கு மூடிய சிப்பி நல்ல சிப்பி.

குஞ்சும் மூடும். ஆனால் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் அதன் மூச்சு வேகம் அதிகம், சேமிப்பு மிகக் குறைவு. சீக்கிரம் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் செவுள், செவுள்தான் அதன் மூச்சும் வாயும். செவுளின் மேல் இருக்கும் நுண்ணிய பிசிர்கள் ஓயாமல் அடித்துத்தான் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன, பாசியை வாய்ப்பக்கம் தள்ளுகின்றன. அமோனியா அந்தப் பிசிர்களின் அசைவைத் தளர்த்தும். அமெரிக்காவின் இலினோய் ஆற்றில் 1950களில் விரல்நக மட்டி என்கிற ஒரு சிறு இனம் பெருவாரியாக அழிந்தது. 1970களில் அதன் செவுளைத் துண்டாக எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, எவ்வளவு அமோனியாவில் பிசிர் ஓய்கிறது என்று பார்த்தே ஆராய்ந்தார்கள். பிசிர் ஓய்ந்தால் தீனி இல்லை, மூச்சும் குறைவு. மட்டக்குளியில் புது விளிம்பு இல்லாத ஓடுகளையும் கழிவு இழை இல்லாத தொட்டி அடியையும் கண்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமோனியா சிப்பியின் சொந்தக் கழிவு. சாதாரணமாக உள்ளே செறிவு கூட, வெளியே குறைவு; அதனால் தானாக வெளியேறும். வெளியே கூடிவிட்டால் அந்த ஓட்டம் தடைப்படும், உள்ளேயே தேங்கும். வேகமாக வளரும் குஞ்சுக்கு இது இரட்டை அடி.

குஞ்சு என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாப் பருவமும் ஒன்றல்ல. கருவும், அதிலிருந்து வந்து நீந்தித் திரியும் குடம்பியும்தான் மிக மென்மையானவை. கருவுக்கு மூட ஓடே கிடையாது. ஓரிடத்தில் ஒட்டி, ஓடு தடித்த பிறகு தாக்குப்பிடிக்கும் சக்தி கூடும். அண்ணை வாங்கியவை இந்தக் கடைசி வகை. பட்டினியும் சூடும் பயணமும் இல்லாதிருந்தால் தொட்டியின் 0.2 மில்லிகிராமை இன்னும் பல குஞ்சுகள் தாண்டியிருக்கும் என்பது என் எண்ணம். குடம்பி வாங்கியிருந்தால் பேசுவதற்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

வளர்ந்ததை வைத்துக் குஞ்சுக்கு அளவு போடுவது சிறு வியாபாரிகளிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நன்னீருக்கான அமோனியா அளவுகள் 1999இல் வந்தபோது மட்டிகளுக்கு அதில் உரிய இடம் இருக்கவில்லை. நன்னீர் மட்டிகளின் குடம்பியும் குஞ்சும் மிக மோசமாகப் பாதிக்கப்படுவது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. 2013இல் திருத்தியபோது பிஎச் 7, 20 பாகைக்கு, மொத்த அமோனியா நைத்திரசனுக்கான நீண்டகால எல்லை 4.5 மில்லிகிராமிலிருந்து 1.9க்கு இறங்கியது, குறுங்கால எல்லை 24இலிருந்து 17க்கு. அந்த எண்களோடு பிஎச்சும் வெப்பநிலையும் சேர்த்தே அச்சாகின்றன என்பதைக் கவனியுங்கள். அவை இல்லாமல் அமோனியாவுக்கு எல்லை சொல்லவே முடியாது.

கொழும்பு பேர வாவியின் பச்சைத் தண்ணீரை நினைத்துப் பார்த்தாலும் இது விளங்கும். பாசி மண்டிய தண்ணீரில் பகலில் பாசி காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்வதால் பின்னேரம் பிஎச் ஏறி நிற்கும், விடியப்புறம் இறங்கும். காலையில் அளந்த அமோனியாவும் மாலையில் அளந்த அமோனியாவும் ஒரே எண்ணாக இருக்கலாம். விஷம் ஒன்றாக இருக்காது. இறால் குளத்துக்காரர்கள் பின்னேரம் பிஎச் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மாற்றியவை

மூன்றாவது தொகுதிக்குத் தண்ணீர்ப் பையே வேண்டாம் என்று சொன்னேன். அண்ணைக்கு நம்பிக்கை வரவில்லை. "தண்ணியில்லாமல் கொண்டுவந்தால் செத்துப்போகாதோ?" சிப்பி வற்றுப்பெருக்கில் தினமும் மணிக்கணக்காக வெளியில் கிடக்கிற சாதி. களப்பிலேயே ஓடுகளை நன்றாகக் கழுவி, சேறும் கொட்டலசும் போக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, ரெஜிபோம் பெட்டியில் அடுக்கச் சொன்னோம். ஒரு மூலையில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல், பழைய பத்திரிகையில் சுற்றியது. குஞ்சின் மேல் நேரே படக்கூடாது, உருகும் நன்னீரும் அவற்றில் வடியக்கூடாது. லொறி இரவில் புறப்பட்டது. தண்ணீரே இல்லையென்றால் அமோனியா கரைந்து நிற்க இடமும் இல்லை. வந்ததும் கடல் தண்ணீரில் ஒருமுறை அலசி நேரே தொட்டிக்குள். பழக்குவது கிழக்குவது ஒன்றும் இல்லை.

தொட்டியில் முதலில் பெரியவற்றை வேறாக்கினோம். புது வடிகட்டிக்குள் பழைய தொட்டியின் வடிகட்டிக் கற்களில் ஒரு பங்கைப் போட்டு, குஞ்சு வருவதற்கு முன்பே கொஞ்சம் அமோனியம் குளோரைட்டு விட்டுப் பற்றீரியாவுக்குத் தீனி கொடுத்து வைத்தோம். அமோனியாவும் நைத்திரைற்றும் கிட்டில் நிறம் காட்டாமல் போனபிறகுதான் குஞ்சுக்கு ஆள் அனுப்பினார். அப்பச் சோடா அலுமாரிக்குத் திரும்பியது. ஈஸ்ட்டை முழுதாக விடச் சொன்னேன், பாதியாக்கினார். அந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் சமாதானமில்லை. மட்டக்குளியிலேயே, காக்கைதீவில், நாரா என்ற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாசி வளர்ப்பைப் பற்றி அங்கே போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அளப்பதில் இரண்டு சங்கதிகள். அமோனியா கிட் வாங்கும்போது சாலிசிலேற்று முறையா என்று கேட்க வேண்டும். பச்சை நிறம் தருவது. நெஸ்லர் என்ற பழைய முறை கடல் தண்ணீரில் கலங்கிப்போய்க் கண்டதையும் காட்டும். அப்புறம், கிட் தரும் எண் அமோனியாவா, அமோனியா நைத்திரசனா என்று பெட்டியில் பார்க்க வேண்டும். நைத்திரசன் எண்ணை 1.2ஆல் பெருக்கினால் அமோனியா எண் வரும். பிஎச் மீட்டர் விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் 7க்கும் 10க்குமான திரவங்களில் அடிக்கடி சரிபார்க்காத மீட்டர் இருப்பதைவிட இல்லாதது நல்லது. 8.1ஐ 7.8 என்று காட்டும் மீட்டர் நச்சு அமோனியாவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

மூன்றாவது தொகுதியில் பயணச் சாவு கைவிரலில் எண்ணும் அளவுக்கு வந்தது. இரண்டாம் வாரத்தில் சில போயின, முக்கியமாகச் சின்னவை. தீனி போதாமைதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. மற்றவற்றில் புது விளிம்பு வந்திருந்தது. நீர்கொழும்பில் தட்டு தயாராகி அவை போய்ச் சேர்ந்தும் விட்டன.

இப்போது அண்ணைக்கு அடுத்த யோசனை, காலியான குஞ்சுத் தொட்டியில் நண்டுக் குஞ்சு விடுவது. அதற்கு மீன் துண்டு போட வேண்டும், அமோனியா சிப்பியைவிட வேகமாக ஏறும், தோல் கழற்றும் நேரத்தில் நண்டுக் குஞ்சு இன்னும் மென்மை. தொட்டிக்குள் எதையும் விடுவதற்கு முன் ஒரு கிழமை அமோனியாவும் பிஎச்சும் ஒரே நேரத்தில், காலையும் பின்னேரமும், ஒரு கொப்பியில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பிஎச் மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். அமோனியா கிட் தீர்ந்துபோய்விட்டதாம், வெள்ளவத்தைப் பக்கம் போகும்போது வாங்குவாராம்.